கிறிஸ்து சமயத்திற் கருதலளவை

காட்சிக்கு எட்டாத பொருளைக் கருதலளவையால் துணியலாம் என்பதும், கருதலுக்கும் எட்டாததனை உரையளவையால் தெளிதல் வேண்டும் என்பதும் அளவைநூல் பயின்றார் யாவரும் அறிந்தன. இறைவன் இவ்விரண்டனுள் எதற்கு எட்டுவன் என்னும் வினா ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. கிறிஸ்து சமயத்தார் இதனை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். இன்றும் ஒருமுடிபினர் அல்லர். மக்கட் பகுத்தறிவு தன் இயற்கையொளி கொண்டே கடவுளை ஐயமின்றி அறிய வல்லது என்று உரோமைத் திருச்சபை 1870-ஆம் ஆண்டில் விதித்தது. அதற்கு 64 ஆண்டுகளின் பின்னர், சீர்திருத்தச் சபையைச் சார்ந்த பேராசிரியர் ஒருவர், இயற்கைவழிக் கடவுளறிவு என்பதொன்று உண்டென்பதனையே மறுத்து, 'இல்லை' என்னும் ஒரு சொல்லைத் தலைப்பாகக் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். கிறிஸ்துவையே ஆண்டவரென வழிபடுவார் இருதிறத்தார் இங்ஙனம் தம்முள் நேர்மாறாகக் கூறுதற்குக் காரணம் யாது என்பது ஆராயத்தக்கது.

கடவுளை அறிதல் என்னும் தொடர் ஒருபொருட்கண் நில்லாமையே அம்மாறுபாட்டிற்குப் பெரும்பான்மையும் காரணமாதலின், அதனை முதற்கண் வரையறுத்துக் கோடல் வேண்டும். உலகிற்கு ஒரு முதல் உண்டு என்று துணிதல் ஒன்று. அம்முதல் இன்ன இயல்பினது என்று உணர்தல் ஒன்று. அம்முதலோடு உறவுற்று உயிர் உய்தி பெறுதல் மற்றொன்று. முதலாவதனைக் கூறுவான் மூன்றாவதனையும் கூறினான் என்று கொண்டு மறுப்பாரும், மூன்றாவது கருதலால் எய்தாமை காட்டி முதலாவதும் எய்தாது என்று முடிப்பாரும் இவ்வாராய்ச்சியில் பலர்.

இருதிறத்தாரும் தமக்குச் சான்றாகக் காட்டுவது அப்போஸ்தலர் பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதலதிகாரமேயாம். கடவுளின் காணப்படாத பண்புகள் படைக்கப்பட்ட பொருள்களின் வாயிலாக அறிவுக்குப் புலனாகின்றன என்றும், ஆதலின் அவரை வழிபடாதார் சாக்குப்போக்குக் கூற இயலாதவர் என்றும் அவர் அங்கே கூறுகின்றார். இதனால் அறியும் ஆற்றல் மக்கட்கு உண்டென்பது பெறப்படும். ஆயின் அவ்விடத்தே அவர் மேலும் கூறுவது, அவ்வறிவை மக்கள் பேணாது இருளடைந்தனர், படைத்தவனை விட்டுப் படைக்கப்பட்டவற்றைத் தொழுதனர் என்பது. ஆற்றல் உண்டு என்பார் முன்னதைப் பற்றினர். ஆற்றல் பயன்படாது போயிற்று என்பார் பின்னதைப் பற்றினர். அத்தேனே நகரத்து அரியோபாகு மேடையிலே எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் ஆகிய தத்துவவாணர் முன்னிலையில் பவுல் பேசியபோது, அறியப்படாத தெய்வத்திற்கென அந்நகரத்தார் எடுத்திருந்த பீடத்தைச் சுட்டித் தொடங்கினர்; அவர்தம் புலவர் வாக்கையும் தழுவினர். அதுகாறும் கேட்டிருந்தோர், இறந்தார் உயிர்த்தெழுதலைக் கூறிய அளவில் சிலர் நகைத்தனர், சிலர் மற்றொருகால் கேட்போம் என்றனர். கருதல் எவ்வளவு தூரம் உடன்வரும், எவ்விடத்தே நின்றுவிடும் என்பதற்கு அந்நிகழ்ச்சியினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

முதல் மூன்று நூற்றாண்டுகளின் ஆசிரியர்களும் இவ்வாறே பிரிந்து நின்றனர். தத்துவவாணர்க்குரிய போர்வையைக் களையாமலே கிறிஸ்து சமயம் புக்க யுஸ்தீனர், கிரேக்க ஞானிகள் கண்ட மெய்ம்மைகளெல்லாம் தெய்வ வார்த்தையின் வித்துக்களே என்றார். யூதர்க்கு நியாயப்பிரமாணம் எவ்வாறோ அவ்வாறே கிரேக்கர்க்குத் தத்துவம் வழிகாட்டியாயிற்று என்பது அலெக்சாந்திரியாவின் கிளேமெந்தர் கொள்கை. கார்த்தேசு நகரத்துத் தெர்த்துல்லியனாரோ அத்தேனேக்கும் எருசலேமுக்கும் இயைபு யாது என்று சினந்து வினவினார். அவர் வினவிய நடை நாவன்மை பயின்றார் நடையாதலையும், எருசலேமைக் காத்தற்கு அத்தேனேயின் கருவியையே அவர் கைக்கொண்டமையையும் படிப்போர் காண்பர்.

கருதலளவையைத் தனித்து நிறுத்திக் கடவுளுண்மை துணிய முதன்முதல் பெருமுயற்சி செய்தவர் அன்சேல்ம் என்னும் துறவியாவர். நார்மண்டி நாட்டுப் பெக் மடத்திலே அவர் வாழ்ந்த காலத்து, மாணாக்கராகிய துறவிகள் அவரை ஒன்று வேண்டினர்: மறைமொழியை மேற்கோளாக யாண்டும் காட்டாது, நியாயம் ஒன்றே கொண்டு இறைவனியல்பை ஆராய்ந்து தரல்வேண்டும் என்பது. அவ்வேண்டுகோட்கு இணங்கி 1076-இல் அவர் செய்த நூலில் ஏதுக்கள் பலவாய்ப் பின்னிக் கிடந்தன. வேறொன்றும் துணைவேண்டாத ஒரே ஏது உண்டோ என்று நெடிது சிந்தித்து, உணவும் உறக்கமும் கெட்டு, அவர் கண்ட வாதம் அடுத்த ஈராண்டினுள் வெளிவந்த 'புரோஸ்லோகியோன்' என்னும் நூலிற் காணப்படும். தன்னிற் பெரியதொன்று எண்ணவும் படாத பொருளே கடவுள் என்பது. அப்பொருள் எண்ணத்தில் மட்டும் உளதாயின், எண்ணத்திலும் புறத்திலும் உளதாகிய பொருள் அதனிற் பெரிதாம். ஆகவே எண்ணத்தில் மட்டும் உளதென்பது தன்னைத் தானே மறுக்கும். ஆதலின் அது புறத்தும் உளது என்பது அதன் சுருக்கம்.

இதனை மறுத்தவர் நாத்திகர் அல்லர். மார்மூத்தியே மடத்துக் கௌனிலோ என்னும் துறவி. எத்தீவினும் சிறந்த தீவு ஒன்று கடலுள் மறைந்து கிடக்கின்றது என்று ஒருவன் கூறின் அதன் பொருள் விளங்கும்; விளங்கிய அளவிலே, சிறந்ததாகலின் அது புறத்தும் உளதாதல் வேண்டும் என்று சாதிப்பானை அறிவுடையார் ஒப்புவரோ என்று அவர் வினவினார். தீவு இல்லையெனவும் எண்ணப்படும். யாம் கூறியதோ இல்லையென எண்ணவும் படாத பொருள். ஆகலின் அவ்வாதம் அதற்கன்றிப் பிறிதொன்றற்கும் பொருந்தாது என்று அன்சேல்ம் விடையிறுத்தார். கௌனிலோவின் மறுப்பையும் தம் விடையையும் தம் நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று அவர் பணித்தனர். வாதத்தின் வன்மையினும் இப்பெருந்தன்மை அரிது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அன்சேல்ம் செய்தது தனிக்கருதலா என்பது. அந்நூல் முழுதும் இறைவனை முன்னிலைப்படுத்திச் செய்த வேண்டுதலாகவே அமைந்துள்ளது. நம்புதற்பொருட்டு உணர முயலுகின்றிலர்; உணர்தற்பொருட்டே நம்புகின்றார் என்பதும் அதனுள் தெளிவாக உள்ளது. ஆயின் அவர் கூறிய ஏது, நம்புவோன் வாயிலும் நம்பாதோன் வாயிலும் ஒன்றாகவே நிற்கும். ஏதுவின் வலி கூறுவோனது உள்ளத்தைப் பற்றியதன்று. ஆகலின் வேண்டுதலின் நடுவே பிறந்தமை பற்றியே அதனைக் கருதலன்று என்று தள்ளுதல் பொருந்தாது.

இனி, இவ்வாராய்ச்சிக்கு நடுவாக நிற்பவர் தோமா அக்குவீனர் (1225–1274). அன்சேல்மின் வாதத்தை அவர் ஏற்றிலர். கடவுள் உளர் என்னும் கூற்று தன்னளவில் வெளிப்படையேயாயினும், கடவுளின் உள்ளியல்பை மக்கள் அறியாமையின், அவர்க்கு அது வெளிப்படையன்று. ஆகவே அறியப்பட்ட காரியத்தினின்று அறியப்படாத காரணத்திற்குச் செல்லும் வழியொன்றே மக்கட்கு உரியது என்றார். புகைகண்டு நெருப்புண்மை துணியும் காரிய ஏதுவோடு இதனை ஒப்பிட்டுணர்க. பொருள்களின் இயக்கம், காரணங்களின் நிரல், தோன்றியழியும் பொருள்களின் சார்பு, மேன்மையின் ஏற்றத்தாழ்வு, அறிவில்லாத பொருள்கள் ஒரு பயன்நோக்கி ஒழுங்காக நிகழ்தல் என்னும் ஐந்தினின்று அவர் காட்டிய ஐவழிகள் பலரும் அறிந்தவை. ஆயின் பலரும் பிழைபட உணர்ந்தவையும் அவையே.

யாங்ஙனமெனின், உலகம் ஒருநாள் தொடங்கிற்று, ஆகலின் தொடக்கியவன் ஒருவன் வேண்டும் என்பது அவர் வாதமென்று கருதுவார் உளர். அஃது அன்று. உலகிற்குக் காலத்தால் தொடக்கம் உண்டென்பது கருதலால் நிறுவலாகாது, மறைமொழியாலேயே கொள்ளத்தக்கது என்று அவரே வரைந்துள்ளார். தந்தை மைந்தன் என்னும் வழிமுறை முடிவின்றிப் பின்செல்லினும் செல்லும். தந்தை இறந்தபின்னும் மைந்தன் மகப்பெறுதல் கூடுமன்றோ? அவர் கூறும் நிரல் அத்தன்மைத்தன்று. கோல் ஒரு பொருளை அசைக்குங்கால், கை கோலை அசைக்கும் அப்பொழுதளவே அது அசைக்கும். கை நின்றால் கோலும் நிற்கும். இவ்வாறு ஒருங்கே நிகழும் நிரலில், பிறிதொன்றான் அசையாத முதல் இல்லையாயின் இடையினவும் கடையினவும் அசையா என்பதே அவர் கருத்து. ஆகவே அவர் தேடிய முதல் பண்டு தொடக்கிவிட்டு நீங்கியதன்று; இன்று, இக்கணத்து, யாவற்றையும் தாங்கி நிற்பது.

இங்ஙனம் துணிந்த பின்னர் அவர் விதிக்கும் எல்லையே பெரிதும் சிந்திக்கற்பாலது. காரணத்தின் ஆற்றலுக்கு ஒவ்வாத சிறிய காரியத்தினின்று காரணத்தின் உண்மையை அறியலாமன்றி, அதன் இயல்பை முற்ற அறியலாகாது. ஆகலின் கடவுள் யாது என்பதனினும் யாது அன்று என்பதே மக்கட்குத் தெரிவது. கடவுள் ஒருவர், மாறாதவர், உடம்பிலர் என்பன கருதலுக்கு எட்டும். பிதா, குமாரன், தூய ஆவி என்னும் திரித்துவமும், மனுஷாவதாரமும் எட்டா. எட்டாதவற்றை நியாயத்தால் நிறுவப் புகுவான் சமயத்திற்கு இழுக்குத் தேடுகின்றான். வலியற்ற ஏதுக்களைக் கண்டு பிறர், இவர் நம்பிக்கைக்கு இதுவோ நிலைக்களம் என்று நகைப்பர் என்றும் அவர் எச்சரித்தார்.

அற்றேல், கருதலுக்கு எட்டும் உண்மைகளையும் மறைநூல் கூறுவது மிகையாமன்றோ எனின், ஆகாது என்று அவர் மூன்று காரணம் காட்டுவர். கருதல் ஒன்றே வாயிலாயின் அறிவோர் மிகச் சிலரே ஆவர். ஏனையோர் அறிவின் மந்தத்தாலும், குடும்பம் காக்கும் கவலையாலும், சோம்பலாலும் அம்முயற்சிக்கு உரியராகார். அச்சிலரும் நெடுங்காலம் பயின்று முதுமையெய்தியே அறிவர். அறிந்ததனுள்ளும் பிழை கலந்து நிற்கும். கடவுளை அறியாது ஒருவன் வாழ்தல் கூடாதாயின், அவ்வறிவு கற்று வல்ல சிலர்க்கே, அதுவும் வாழ்நாளின் கடைப்பகுதியில், ஐயத்தோடு கிடைப்பது என்றல் இறைவனின் அருளுடைமைக்கு ஒவ்வாது. கிறிஸ்து வருமுன் தத்துவவாணர் தம் முயற்சியெல்லாம் கூட்டியும் அறிந்ததனினும், கிறிஸ்து வந்தபின் ஒரு மூதாட்டி விசுவாசத்தால் அறிவது மிகுதி என்று அவர் மக்களுக்குச் செய்த பிரசங்கம் ஒன்றிற் கூறினமையும் இதனோடு இயையும். ஐவழி வகுத்தவரே இதனைக் கூறினார் என்பதனை, அவரை வெறும் தருக்கவாதியெனக் கருதுவோர் உளங்கொள்ளல் வேண்டும்.

கீழைத் திருச்சபையில் இவ்வழக்கு வேறு வடிவெடுத்தது. பதினான்காம் நூற்றாண்டில் பர்லாம் என்பார், ஆதோஸ் மலைத் துறவிகள் இடையறாச் செபத்திற் கண்டதாகக் கூறும் ஒளி படைக்கப்பட்ட ஒளியே என்று பழித்தனர். கிரெகோரி பாலமாசு, கடவுளின் உள்ளியல்பு எவர்க்கும் எட்டாதாயினும் அவருடைய செயலாற்றல்கள் படைக்கப்படாதன, அவற்றில் உயிர்கள் பங்குபெறும் என்று அத்துறவிகளைக் காத்தனர். கான்ஸ்தாந்திநோபிளில் 1341-லும் 1351-லும் கூடிய சங்கங்கள் பாலமாசின் பக்கமே நின்றன. ஆண்டு வினா கருதலா உரையா என்பதன்று. இரண்டையும் கடந்த அநுபவம் மெய்யறிவாமோ என்பது.

மேனாட்டிற் சீர்திருத்தம் எழுந்தபோது தோமாவின் சமநிலை குலைந்தது. படைப்பின் வழியே கடவுளைக் காண முயல்வோரை மகிமையின் வேதியர் என்றும், சிலுவையின் துன்பத்திலே காண்போரையே மெய்வேதியர் என்றும் மார்ட்டின் லூதர் 1518-இல் ஹைதல்பர்கு நகரத்து வாதத்திற் பிரித்தனர். கால்வின் அத்துணைக் கடுமையர் அல்லர். தெய்வவுணர்வு ஒவ்வொரு மகன் உள்ளத்தும் ஊன்றப்பட்டுளது, ஆயினும் பாவத்தாற் கலங்கிற்று என்பது அவர் கொள்கை. கண்ணொளி மங்கிய முதியவர் முன் நல்லதொரு நூலை விரித்துவைப்பினும் எழுத்துளது என்றறிவரேயன்றிப் படிக்கமாட்டார். மூக்குக்கண்ணாடி இட்டபின் தெளிவாகப் படிப்பர். உலகம் அந்நூல், மறைமொழி அக்கண்ணாடி. இவ்வுவமையால், உலகினின்று கடவுளை அறியலாகாது என்பது அவர் கருத்தன்று, கண்ணாடியின்றி அறியலாகாது என்பதே என்பது விளங்கும்.

கணிதத்தில் இணையற்ற பாஸ்கல் 1654-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவு தாம் எய்திய அநுபவத்தை ஒரு தாளிற் குறித்துச் சட்டையின் உட்புறத்தே தைத்து வைத்திருந்தார். 1662-இல் அவர் இறந்தபின்னரே அது வெளிப்பட்டது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்பார் வழிபட்ட கடவுளைத் தத்துவவாணர் கூறும் கடவுளினின்று அத்தாள் பிரித்துக் கூறுகின்றது. நியாயத்தின் வன்மையை அறியாதார் ஒருவர் இதனை எழுதியிருப்பின் அதற்கு இத்துணை மதிப்பு இராது.

பின்வந்தவை சுருங்கக் கூறின் அமையும். ஹியூமின் உரையாடல் நூல் அவர் இறந்த மூன்றாண்டின் பின் 1779-இலும், கான்ட்டின் தூய அறிவாராய்ச்சி 1781-இலும் வெளிவந்தன. உண்மை என்பது பொருளின்மேல் ஏற்றப்படும் ஒரு பண்பன்று என்று அன்சேல்ம் வழிவந்த வாதத்தை மறுத்த கான்ட், உலகினின்று எழும் வாதங்களும் இறுதியில் அதனையே சார்ந்து நிற்கின்றன என்றார். பின் ஒழுக்கத்தின் பொருட்டுக் கடவுளை வேண்டிக்கொண்டார். கடிகாரத்தின் அமைப்பு கண்டு அமைத்தோனைத் துணிவதுபோல உயிர்களின் உறுப்பமைதி கண்டு கடவுளைத் துணியலாம் என்று பேலி 1802-இல் விரித்த வாதம் 1859-இல் டார்வின் நூல் வந்தபின் தளர்ந்தது. அதனோடு தோமாவின் ஐந்தாம் வழியும் வீழ்ந்தது என்பாருளர். அவர் பேசியது உறுப்புக்களின் சூழ்ச்சியன்று, இயற்கைப் பொருள் யாவும் தத்தம் விளைவை நோக்கி ஒழுங்குற நிகழ்தலாகலின், இரண்டனையும் ஒன்றாக்குதல் ஆகாது.

இந்நிலையிலேதான் வத்திக்கான் சங்கம் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் மேற்கூறிய விதியைச் செய்தது. அதற்கு இருபுறமும் பகைவர் இருந்தனர். அறிவு ஒன்றே போதும், வெளிப்பாடு வேண்டா என்பார் ஒருபுறம். அறிவால் யாதும் ஆகாது, விசுவாசமே வாயில் என்பார் மறுபுறம். பின்னவருள் ஒருவராகிய ஸ்திராஸ்பூர்கு நகரத்துப் பொத்தேன் என்னும் குருவானவர், நியாயத்தாற் கடவுளுண்மை நிறுவப்படும் என்று 1840-இல் கையொப்பமிட வேண்டியவராயினர். சங்கத்தின் விதியில் நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கடவுள் அறியப்படக்கூடும் என்றதேயன்றி, துணையின்றி எவரேனும் அங்ஙனம் அறிந்தனர் என்று அது கூறிற்றிலது. அன்றியும், யாவரும் எளிதாகவும் உறுதியாகவும் பிழையின்றியும் அறிதற்கு வெளிப்பாடு வேண்டும் என்று தோமா கூறிய மூன்று காரணங்களையும் அதே விதியிற் சேர்த்தது. 1910-இல் பத்தாம் பத்திநாதர் குருமார்க்கு விதித்த பிரமாணத்தில் 'அறியப்படும்' என்பதனோடு 'நிறுவவும்படும்' என்பது கூட்டப்பட்டது. அப்பிரமாணம் 1967-இல் நீக்கப்பட்டது.

'இல்லை' என்றவர் சுவிட்சர்லாந்தைச் சார்ந்த கார்ல் பார்ட். அப்பொழுது அவர் ஜெர்மனியில் பொன் நகரத்துப் பேராசிரியர். அவர் மறுத்தது உரோமையாரை அன்று. தம் நண்பரும் சூரிக்கு நகரத்துப் பேராசிரியருமாகிய எமில் புருன்னரை. பாவம் கலந்த பின்னும் மகன் சொற்கேட்கும் தகுதியும் பொறுப்பும் உடையவனாகவே உளன். அத்தகுதியே தெய்வவார்த்தை வந்து பொருந்தும் இடம் என்று 1934-இல் புருன்னர் எழுதினார். நீரில் மூழ்கி இறக்கும் நிலையில் வல்லார் ஒருவரால் கரையேற்றப்பட்டவன், யான் ஈயக்கட்டியாக இராது மகனாக இருந்தமையே என் காப்புறு தகுதி என்று பறைசாற்றுவனோ என்று பார்ட் எள்ளினார்.

இச்சினம் வெறும் நூற்சினம் அன்று. அவ்வாண்டில் ஜெர்மனியின் சபையுள் ஒரு பகுதியார், தம் இனத்தின் எழுச்சியிலும் தலைவனது தோற்றத்திலும் கடவுளின் வெளிப்பாட்டைக் கண்டோம் என்று முழங்கினர். அதனை எதிர்த்து மே மாத இறுதியில் பார்மென் நகரத்திற் கூடியோர், இயேசு கிறிஸ்துவையன்றி வேறு நிகழ்ச்சியையோ ஆற்றலையோ வடிவையோ தெய்வவெளிப்பாடு என்று கொள்ளோம் என அறிக்கை செய்தனர். அதனைப் பெரும்பான்மையும் வரைந்தவர் பார்ட்டே. இட்லருக்கு வரையறையற்ற பிரமாணம் செய்ய மறுத்தமையால் அவர் 1935-இல் பதவி இழந்து தாய்நாடு சென்றார். இயற்கைவழிக்குச் சிறிது கதவு திறப்பின் அதன்வழியே இனமும் குருதியும் தெய்வமாகப் புகும் என்பது அவர் கண்ட அச்சம். அச்சம் மெய்யே. ஆயினும் அக்கூட்டத்தார் காரியங்கண்டு காரணம் துணிந்தவர் அல்லர். படைக்கப்பட்டதொன்றையே கண்டு அதன்முன் வீழ்ந்தவர். மாறுவதும் பிறிதொன்றைச் சார்வதும் கடவுளன்று என்னும் தோமாவின் கருதலே அவர்களை மறுத்தற்குப் போதியதாகும். கள்வன் புகுந்த வாயிலை அடைத்தல் வேண்டுவதே. அவன் புகுந்தது அவ்வாயில்தானா என்பதனையும் நோக்கல் வேண்டும்.

இதனினும் வியப்பானது 1937-லும் 1938-லும் ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரத்தில் நிகழ்ந்தது. ஆடம் கிப்போர்டு என்னும் நீதிபதி 1887-இல் இறக்குமுன், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நான்கிலும் இயற்கைவழிக் கடவுளறிவை வானநூல், இரசாயனநூல் போல, வெளிப்பாட்டின் துணையின்றி ஆராய்ந்துரைக்கப் பொருள் வைத்துச் சென்றார். அவ்விரிவுரைக்குப் பார்ட்டையே அழைத்தனர். தாம் அதன் பகைவர் என்பதை முதற்கண் வெளிப்படக் கூறி, எதிர்ப்பின்றி எதுவும் உயிர்பெறாதாகலின் பகைவனாக நின்றே அதற்கு உதவுவல் என்று, 1560-ஆம் ஆண்டின் ஸ்காத்து விசுவாச அறிக்கைக்கு அவர் உரைவிரித்தனர். அன்சேல்மைப் பற்றி 1931-இல் அவர் எழுதிய நூலும் இத்தன்மைத்தே. அவ்வாதம் நம்பிக்கையினுள் நின்று செய்த ஆராய்ச்சியேயன்றித் தனிக்கருதல் அன்று என்பது அதன் துணிபு.

அதே கிப்போர்டு விரிவுரையை 1991-இல் எடின்பரோவில் நிகழ்த்திய ஜேம்ஸ் பார் என்னும் எபிரேய மொழியறிஞர் பார்ட்டுக்கு விடை கூறினார். மறைநூலையன்றிப் பிறிதொன்றும் கொள்ளேன் என்ற பார்ட்டை அவர் மறைநூலைக்கொண்டே மடக்கினார்: அரியோபாகு மேடைப் பேச்சும் உரோமர் நிருபமும் இயற்கைவழியை உடன்பட்டே நிற்கின்றன என்பது. பவுல் அந்நிருபத்திற் கூறுவது புதிதன்று. படைப்பின் பெருமையும் அழகும் கண்டு படைத்தவனை உணராதாரை இடித்துரைக்கும் சாலமோன் ஞானாகமத்துப் பதின்மூன்றாம் அதிகாரத்தோடு அது பெரிதும் ஒத்துச் செல்கின்றது. அவ்வாகமம் உரோமைத் திருச்சபையின் மறைநூல் அடைவில் உளது. சீர்திருத்தச் சபையாரின் அடைவில் இல்லை. கருதலளவை எத்துணைச் செல்லும் என்பதில் மாறுபடும் இருவரும் ஓதும் உரையளவையின் எல்லையும் ஒன்றன்று.